மைக்செட்காரர் டெஸ்டிங் பார்த்த கூட்டம்

எனக்குக் கோர்வையா எழுத வராதுங்க. அஞ்சாங்கிளாஸோட தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிட்டேன். இப்ப மறதியும் சேர்ந்திருக்கு. முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்கணும்.

குன்னூர் பக்கம் மனித உரிமைக் கூட்டம் எத்தனையோ நடக்குது. பேச வர்றவங்க எல்லாரும் பெரிய படிப்பு. ஆனா எந்தக் கூட்டமானாலும் அதை நடத்துறது எங்க மைக்செட்காரர்தான்.

வக்கீல் ஒருத்தர் சட்டம் பூராவையும் இங்கிலீஷ்லே சொல்ல ஆரம்பிச்சா, ஸ்பீக்கர் குழாய் 'கீய்ய்ய்'னு கத்தும். தமிழுக்கு வந்தா அடங்கிரும். கேட்டா, "மலைக்காத்துங்க, ஈரம்"னு பச்சைப்புள்ள மாதிரி முகத்தை வச்சுக்குவார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசின ஒருத்தருக்குச் சத்தத்தை இம்மி இம்மியாக் குறைச்சுக்கிட்டே வந்தார். கடைசியிலே பேசுறவர் கையை ஆட்டுறது மட்டுந்தான் தெரிஞ்சுது. நாங்க கை தட்டினோம். அவரும் கும்பிட்டு உட்கார்ந்துட்டார்.

மைக் டெஸ்டிங்கும் மைக்செட்காரர் தானே பண்ணமாட்டார். "என் குரலைக் கேட்டு மைக்குக்கே சலிச்சுப்போச்சுங்க"ன்னு, பெரியவங்க வர்றதுக்குள்ளே எங்க பொம்பளைங்க கையிலே குடுத்துருவார். "ஏனுங்கக்கா, உங்கூட்டுலே இன்னிக்கு என்ன கொழம்பு? அதைச் சொல்லுங்க, போதும்." ஒருத்தி கருவாடும்பா. இன்னொருத்தி, "பொய்யி, அவ ஊட்டுலே ரசந்தான்!"னு மைக்கைப் பிடுங்குவா.

போன வருஷம் எங்க எஸ்டேட் சமுதாயக் கூடத்திலே கூட்டம். அப்ப எனக்கு ஒரே கவலை. நாங்க குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கு வண்டி வர்றதுன்னா பாக்டரி கேட்டு வழியாத்தான். இன்னொரு பக்கம் ஓடையிலே இறங்கி ஏறுற ஒத்தையடிப் பாதைதான். திருட்டுப் பயம்னு ஆபீசிலே அதுக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. மருமகளுக்கு மாசம் நெருங்கிருச்சு. ஆம்புலன்ஸ் எப்படி வரும்? போய்க் கேட்கலாம்னா, மகன் அதே பாக்டரியிலே டெம்பரரி. நான் வாயைத் திறந்தா அவன் வேலை போயிரும்.

அன்னிக்கு மூடுபனி. வாசலுக்கு வெளியே ஒண்ணும் தெரியலை. மைக் என் கைக்கு வந்துச்சு.

"கொழம்பே வைக்கலைங்க"ன்னேன்.

"ஏனுங்க?"

"கவலையிலே அடுப்பே பத்த வைக்கலை."

"என்ன கவலைன்னு மைக்குக்கிட்டே சொல்லுங்க. முன் நாற்காலியெல்லாம் காலிதானுங்களே?"

காலி நாற்காலியைப் பார்த்து எல்லாத்தையும் கொட்டினேன். பூட்டு, ஆம்புலன்ஸ், மருமக வயிறு, "வலி கண்டா அவளைத் தூக்கிட்டு நான் ஓடையிலே இறங்கணுமா?"ங்கிற வரைக்கும்.

நிமிர்ந்தா, பனிக்குள்ளேயிருந்து நீதிபதி அம்மா வர்றாங்க. கூடவே எஸ்டேட் மேனேஜர். வண்டியை விட்டு இறங்கினவங்க வழி தெரியாம, குழாய்ச் சத்தத்தைப் பிடிச்சே நடந்து வந்திருக்காங்க. மைக்கை மைக்செட்காரர் எப்ப வாங்கிக்கிட்டாரோ, எனக்கே தெரியலை.

"யாரு பேசினது?"ன்னார் மேனேஜர்.

"டெஸ்டிங்குங்க. நாந்தான்."

"பொம்பளைக் குரல் கேட்டுச்சேய்யா!"

"பனிக்குத் தொண்டை கட்டிருச்சுங்க"ன்னு மீசையைத் தடவினார் மைக்செட்காரர்.

"மருமகளுக்கு மாசம்னு சொன்னீங்களே?"ன்னு நீதிபதி அம்மா கேட்டாங்க.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்கம்மா. ஆனா கேட்டு பூட்டித்தான் இருக்குதுங்க."

கூடமே சிரிச்சுது. நீதிபதி அம்மா சிரிக்கலை. "கூட்டம் அப்புறம். முதல்லே அந்தக் கேட்டைப் பார்ப்போம்"னு மேனேஜரைக் கூட்டிக்கிட்டு நடந்தாங்க. அன்னிக்கே பூட்டு போச்சு. மருமகளுக்கு வலி கண்டப்ப ஆம்புலன்ஸ் எங்க வாசல்லே வந்து நின்னுச்சு. மகன் வேலைக்கும் ஒண்ணும் ஆகலை.

எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு எப்பவும் எங்க மைக்செட்காரர் செட்டுதான். இந்த வருஷம் வேற ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லலை. அவர் திருவிழா பார்க்க வந்து, கூட்டத்தோட கூட்டமா எங்க பக்கத்திலே நின்னார். பேத்தியைத் தூக்கி அவர் கையிலே குடுத்தேன்.

கூட்டம் நடந்தது ஐப்பசியா கார்த்திகையா, நீதிபதி அம்மா வந்தது ஊட்டியிலேருந்தா கோத்தகிரியிலேருந்தா, சரியா ஞாபகமில்லை. தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்துத் திருத்துங்க. மைக்செட்காரரைப் பத்தி மட்டும் குறைச்சு வேணா எழுதியிருப்பேன், கூட்டி எழுதலைங்க.