வேலியர் வேண்டாம் என்ற கோல்

மன்னார்த் தீவில், கால்பந்தில் கோல் அடிப்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய குற்றமாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் வேலியர்தான். ஊர் உலகமெல்லாம் கோல் அடிக்க விளையாடும். அவர் பழக்கிய நாங்கள் கோல் விழாமலிருக்க விளையாடினோம். பூச்சியத்துக்குப் பூச்சியம் என்று முடிந்தால் அன்றைக்கு அவர் வீட்டில் கோழிக்கறி.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியாரைத்தான் கேட்க வேண்டும். கடலுக்குப் போகாத நேரமெல்லாம் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் எங்களை நிறுத்தி வேலி கட்டுவார். கோல் வாசலில் ஐந்து பேர், அவர்களுக்கு முன்னால் நான்கு பேர். எதிரணியின் பக்கத்தில் ஒரேயொரு ஆள்.

"அவங்கள் வரட்டும். வீட்டில ஆளில்லாம எல்லாரும் எங்கட பக்கம் வந்த பிறகு, பந்தத் தூக்கி முன்னுக்குப் போடு. ஒருக்காக் காணும்."

அந்த ஒற்றை ஆள் முருகேசு. வெள்ளாங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த மலையகச் சைவக் குடும்பம். பகலில் கூலி வேலை, பின்னேரம் பந்து. பந்து அவனிடம் போவதே அபூர்வம். ஆட்டம் முடிந்துவிட்டதென்று சிலவேளை யாராவது நடந்து போய் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

சண்டைக் காலம். மைதானத்தை ஒட்டி இராணுவ முகாம். புதிதாக வந்த அதிகாரி, முள்ளுக்கம்பியை மைதானத்தையும் சேர்த்து இழுக்கப் போவதாகச் சொன்னார். எங்களுக்கு மிஞ்சியிருந்ததே அந்த ஒரு துண்டு வெளிதான். ஊரே போய்க் கெஞ்சியது. மனுசன் பந்துப் பைத்தியம், சிரித்தார்.

"நம்ம ஆளுங்களோட மட்ச் ஒண்ணு. நாங்க வெண்டா கம்பி வரும். இல்லாட்டி வராது."

எல்லோரும் பேயறைந்த மாதிரி நிற்க, வேலியர் மட்டும் முன்னுக்கு வந்தார். "அப்ப சமன் எண்டாலும் மைதானம் எங்களுக்குத்தானே? சரி, வாங்கோ!"

வந்தார்கள். ஒவ்வொருத்தனும் பனைமரம். அடித்தார்கள், அடித்தார்கள், அப்படி அடித்தார்கள். இடது பக்கக் காவலுக்கு நின்ற என் வயிறு இன்றைக்கும் மழை நாளில் நோகும். ஆனால் வேலி பிரியவில்லை. பொறுமை கெட்டு அவர்களுடைய கோல் காத்தவனும் எங்கள் பக்கம் வந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் திருந்தாதி மணி அடித்தது. பின்னேரச் செபத்துக்கான மணி. அது கேட்டால் வலையைக் கையில் பிடித்திருந்தாலும் நிற்பவர்கள் நாங்கள். சிலுவை போட்டுக் கண்ணை மூடினோம். மத்தியஸ்தரான சுவாமியாரும் மூடினார். விசில் ஊதவில்லை. ஊரே தலை குனிந்து நிற்பதைக் கண்டு எதிரணியும் அப்படியே நின்றது.

முருகேசு நிற்கவில்லை. சும்மா உருண்டு வந்த பந்தைத் தட்டிக்கொண்டு போய் வெறும் கோலுக்குள் அடித்தான். கண்ணைத் திறந்தால் ஒன்றுக்குப் பூச்சியம்!

"எங்க கோயில் மணியா அது? நான் எதுக்குண்ணே நிக்கணும்?" என்றான். ஊர் அவனைத் தோளில் தூக்கியது. விசில் ஊதாதபடியால் கோல் சரி என்றார் சுவாமியார்.

வேலியர் மைதானத்துக்குள் பாய்ந்தார். "சுவாமி, இந்தக் கோல் வேண்டாம். வெட்டுங்கோ. எங்கட மணிக்கு மரியாதை தந்து அவங்கள் நிண்டவங்கள். நிண்டவனுக்கு அடிக்கிறது கோலே?"

"விசரா! மைதானம் போகப் போகுது!" என்று ஊர் கத்தியது.

"போகாது! ஒருத்தற்ற பிச்சையும் எனக்கு வேண்டாம். வேலியக் கட்டுங்கோடா!"

சுவாமியார் கோலை வெட்டினார், நாங்கள் வேலியைக் கட்டினோம். மிச்ச நேரம் முழுவதும் பந்து எங்கள் முகத்திலும் முழங்காலிலும் பட்டுத் திரும்பியது. கடைசி விசில் கேட்டபோது பூச்சியத்துக்குப் பூச்சியம். அதிகாரி வேலியரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கம்பி வரவில்லை.

முருகேசு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக இருந்தான். அவன் வாழ்க்கையில் அடித்த முதல் கோல் அது. வேலியர் பக்கத்தில் போய்க் குந்தினார். சுவாமியாருக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"டேய், செப நேரம் நான் ஒரு கண்ணத் திறந்து வைச்சிருந்தனான். என்ன வடிவான அடியடா அது!"

முருகேசு சிரித்துவிட்டான். செபத்தில் கள்ளமாகத் திறந்த அந்த ஒரு கண்ணுக்காகவே வேலியரை எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.