பரட்டைக்கீரை மகாராஜா

ஐம்பத்தொன்பதாவது வயதில் நான் ஒரு சபதம் எடுத்தேன். பிரேமன் நகரத்துக்குப் போவேன். அங்கே பிங்கல் சாப்பிடுவேன். அதையும் மனைவியின் கண் முன்னாலேயே சாப்பிடுவேன்.

பிங்கல் என்றால் பன்றிக்கொழுப்பும் ஓட்ஸும் திணித்துப் புகையில் தொங்கவிட்ட சாசேஜ். பரட்டைக்கீரையோடு வேகவைத்துத் தட்டில் போட்டால் தானாகவே மினுமினுக்கும். எனக்கு அதில் ஆசை வந்ததற்குக் காரணம் எங்கள் ஸ்டுட்கார்ட் டாக்டர். அக்டோபரில் என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கொழுப்பில் கொஞ்சம் ரத்தமும் கலந்திருக்கிறது என்றார். அன்றிலிருந்து வீட்டில் கேரட்தான். காலையில் துருவிய கேரட், மதியம் அவித்த கேரட், சாயங்காலம் மதியம் மிஞ்சிய கேரட். என் மனைவி டாக்மார் அதைப் பரிமாறும்போது ஒரு புன்னகையும் சேர்த்துப் பரிமாறுவாள். புன்னகையில் மட்டும் உப்பு இருக்கும்.

பிரேமனில் அவளுடைய கல்லூரித் தோழி வீப்கேயும் வீப்கேயின் கணவன் ஒன்னோவும் இருக்கிறார்கள். வருஷா வருஷம் பிப்ரவரியில் நண்பர்களோடு கைவண்டி இழுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே நடந்துபோய், ஒரு சத்திரத்தில் கீரை விருந்து சாப்பிடுவார்கள். பதினொரு வருஷமாக டாக்மார் கூப்பிட்டாள். பதினொரு வருஷமாக நான் போகவில்லை. எங்கள் பௌலிங் கிளப்பின் ஆண்டுப் போட்டி அதே சனிக்கிழமைதான் வரும். அதற்காகத்தான் நான் மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் உயிரோடு இருக்கிறேன்.

இந்த வருஷம் நானே பேச்சை எடுத்தேன்.

"சரி, வர்றேன். ஆனா இதுதான் கடைசி. இனிமே பிரேமனுக்கு என்னை நீ கூப்பிடவே கூடாது. எழுதிக் குடு."

"தர்றேனே. தேதி போடணுமா?"

"போடு."

"சாட்சிக் கையெழுத்து வேணும்னா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?"

முப்பத்தொரு வருஷத்தில் டாக்மார் சண்டை போடாமல் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அது. அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை பதினெட்டுப் பேர் கிளம்பினோம். கழுத்தில் கயிறு, கயிற்றில் சாராயக் குப்பி. காற்று காதைப் பிடித்துத் திருகியது. சத்திரத்து வாசலில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. சாப்பிடுவதற்கு முன் எல்லோரையும் அதில் ஏற்றி, ஒன்னோ பலகையில் எடையை எழுதினான். குளிர் தாங்காமல் எல்லோருமே கோட்டோடுதான் ஏறினோம். விருந்து முடிந்து மறுபடி நிறுப்பார்களாம். யாருக்கு எடை அதிகம் கூடியதோ அவர்தான் அந்த வருஷத்துக் கீரை ராஜா. ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

என் கவனமெல்லாம் தட்டில்தான். டாக்மார் முதுகைக் காட்டிக்கொண்டு வீப்கேயோடு பேசினாள். நடுவில் திரும்பாமலேயே என்னிடம் சொன்னாள்.

"சாப்பிடுங்க. வந்த எடத்துல கொறிச்சுக்கிட்டு இருந்து என் மானத்தை வாங்காதீங்க."

"நிஜமாவா சொல்ற?"

"என் தட்டுல இருக்கறதையும் எடுத்துக்குங்க. எனக்கு ஒத்துக்காது."

கண்ணில் தண்ணீர் வந்தது. கடுகுச் சாந்தினால் அல்ல, சந்தோஷத்தினால். சாப்பிட்டேன். அதற்கு மேல் வயிற்றில் இடமில்லாமல் போனபோது ஸ்டுட்கார்ட் நினைவு வந்தது. நாற்காலியில் தொங்கிய கோட்டின் பைக்குள் ஒரு கிழிசல். அதன் வழியாக விட்டால் உள்துணிக்குள் எத்தனை வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளும். எட்டுப் பிங்கலைத் துடைக்கும் தாளில் சுருட்டி உள்ளே அனுப்பினேன். ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு தராசுக்குக் கூப்பிட்டார்கள். நான் சட்டையோடு எழுந்தேன்.

"கோட்டு எங்க?" என்றாள் டாக்மார்.

"புழுக்கமா இருக்கு."

"முன்னாடி கோட்டோட ஏறினீங்கல்ல? இப்பவும் கோட்டோடதான் ஏறணும். இல்லேன்னா எடை எப்படி ஒத்துவரும்?"

"விதின்னா விதிதான்!" என்று பதினாறு குரல்கள் எழுந்தன. எங்கள் நாட்டில் அந்த வாக்கியத்துக்கு மேல்முறையீடு கிடையாது. டாக்மாரே எனக்குக் கோட்டை மாட்டிவிட்டாள். பொத்தானும் போட்டாள்.

நாலு வருஷமாக ராஜாவாக இருந்த மாட்டு வியாபாரி ஹின்னெர்க்குக்குக் கூடியது ஒன்றரைக் கிலோ. எனக்கு மூன்று. சத்திரம் அதிர்ந்தது. ஹின்னெர்க் தன் கழுத்திலிருந்து பன்றித் தாடையெலும்பு மாலையைக் கழற்றி, அழாத குறையாக என் கழுத்தில் போட்டான்.

ஒன்னோ என் தோளைத் தட்டினான். "அடுத்த வருஷம் எல்லாம் உன் பொறுப்புடா. வழி பாக்கறது, சத்திரம் பிடிக்கறது, வண்டி இழுக்கறது, எல்லாம் ராஜா வேலை."

"என்னால வர முடியாதுடா. எங்க கிளப் போட்டி இருக்கு."

"ராஜா இல்லாம ஊர்வலமா? கால் ஒடிஞ்சவனே வந்திருக்கான். வண்டியில ஏத்தி இழுத்துக்கிட்டு வந்தோம்."

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். என் கோட்டைச் சோதியுங்கள் என்ற வாக்கியம். டாக்மாரைப் பார்த்தேன்.

"ஏதாவது சொல்லணுமா? சொல்லுங்களேன், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

பதினெட்டுப் பேர் நடுவில் சாசேஜ் திருடனாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, எட்டும் பறிபோகுமே என்று வலித்தது. "ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

அவள் காதில் முணுமுணுத்தேன். "எழுதிக் குடுத்தியே?"

"குடுத்தேனே. சத்தியமா நான் உங்களைக் கூப்பிட மாட்டேன். நீங்கதான் எல்லாரையும் கூப்பிடணும், என்னையும் சேத்து."

அன்றிரவு ஒன்னோ வீட்டில் தங்கினோம்; நடையில் கோட்டை மாட்டிவைத்தோம். அங்கே நல்ல குளிர், கெட்டுப்போகாது. மறுநாள் காலை ரயிலேறியதும் கோட்டைத் தடவிப் பார்த்தேன். கனம் அப்படியே இருந்தது. போட்டி போனால் போகட்டும், எட்டு இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். ஹானோவர் தாண்டி டாக்மார் கண்ணை மூடினாள். கிழிசலுக்குள் கையை விட்டேன். மெதுவாக உருவினேன். அதே தாள். அதே சுருட்டல்.

பிரித்தேன். எட்டுக் கேரட். கழுவித் தோல் சீவியிருந்தது.

கண்ணைத் திறக்காமலேயே டாக்மார் கையை நீட்டினாள்.

"மகாராஜா, எனக்கும் ஒண்ணு குடுங்க."