என்னா சொன்னே டீச்சர்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் கணக்கு டீச்சர் அளவுக்குக் காது கேட்காத ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் அளவுக்குக் காது கூர்மையான ஆளும் கிடைக்காது. இரண்டும் அவரேதான்.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியனாகச் சேர்ந்தபோது, அவர் விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்துகொண்டிருந்தார். பஸ் என்றால் ஆகாது. பஸ்ஸின் படத்தைப் பார்த்தாலே அவருக்கு வாந்தி வரும் என்பார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘என்னா சொன்னே டீச்சர்’. வராந்தாவின் அந்தக் கோடியில் ஒருவன் இன்னொருவனை “டேய், பல்லா” என்று முணுமுணுத்தால் போதும். இந்தக் கோடியில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர், கையில் சாக்பீஸோடு அவன் முன்னால் நிற்பார்.

“என்னா சொன்னே?”

“ஒண்ணும் இல்ல டீச்சர்.”

“எனக்குக் காது மந்தம்பா. ஒரு தபா சத்தமா சொல்லு.”

“பல்லன்னு... சும்மா தமாசுக்கு டீச்சர்.”

“தமாசா? வெளக்கி சொல்லேன், நானும் சிரிக்கிறேன். எந்த எடத்துல சிரிக்கணும்?”

பையன் விளக்குவான். மற்றவனுக்குப் பல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பான். “சரி, அப்பறம்?” என்பார் டீச்சர். அப்புறம் என்ன இருக்கிறது? பையனுக்கு வியர்த்துக் கொட்டும். இதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம் என்ற முகத்தோடு நிற்பான்.

இந்த வைத்தியத்துக்குப் பெரியவர்களும் தப்பவில்லை. நான் கொஞ்சம் குள்ளம். ஆசிரியர் கூட்டத்தில் தலைமை ஆசிரியர், “நம்ம சயின்ஸ் சாரு மேசைக்குப் பின்னாடி நின்னா பாடம் யாரு நடத்துறாங்கன்னே தெரியலை” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலைக்குப் புதிது, சிரிக்காமல் என்ன செய்வது?

“என்னா சார் சொன்னீங்க? காதுல விழல” என்றார் டீச்சர்.

“சும்மா ஜோக்கு டீச்சர்.”

“வெளக்குங்க சார். நான் மட்டும் சிரிக்காம உக்காந்துகினு இருந்தா மரியாதையா இருக்காது.”

தலைமை ஆசிரியர் விளக்க ஆரம்பித்தார். ‘உயரம்’ என்ற சொல் வரைக்கும் போய், ஒரு சொம்பு தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, அடுத்த விஷயமான கழிப்பறைக் கதவுக்குத் தாவினார். அன்றிலிருந்து என் உயரத்தைப் பற்றிப் பள்ளியில் யாரும் பேசவில்லை.

அப்படிப்பட்ட வைத்தியம் ஒரு முறை கவிழ்ந்தது.

ஒன்பதாம் வகுப்பில் செல்வி என்று ஒரு பெண். கூட்டேரிப்பட்டிலிருந்து வருவாள். அவள் அம்மா அங்கே பஸ் நிற்கும் இடத்தில் கூடையோடு ஏறி, வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவர். அதைப் பார்த்துவிட்ட பையன்கள், செல்வி வகுப்புக்குள் வந்தாலே அவள் அம்மா குரலில், “மல்லாட்டேய்... சூடா மல்லாட்டேய்...” என்று ராகம் போடுவார்கள்.

டீச்சர் காதில் விழுந்துவிட்டது. ஏழு பையன்களையும் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவனும் கூவிக் காட்டி, அதில் என்ன சிரிப்பு என்று விளக்க வேண்டும். ஏழாவது பையன் அழுதேவிட்டான். ஆசிரியர் அறையில் நாங்கள் டீச்சரைக் கொண்டாடினோம்.

மறுநாள் செல்வி வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

நான்காம் நாள் டீச்சர் என்னிடம், “சார், கூட்டேரிப்பட்டு வரைக்கும் தொணைக்கு வர்றீங்களா?” என்றார். பஸ்ஸில் மூக்கருகே எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி வந்தார்.

செல்வி வீட்டு வாசலில் மல்லாட்டை அலசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள்.

“அவனுங்க ஒரு தபா சொல்லிட்டு போயிருப்பானுங்க டீச்சர். நீங்க என்னை ஒக்கார வெச்சிகினே ஏழு தபா சொல்ல வெச்சீங்க.”

என்னா சொன்னே என்று டீச்சர் கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் கையிலிருந்து நழுவி உருண்டது. அதை எடுக்கவும் குனியவில்லை.

“தப்பு என்னுதுதாம்மா” என்றார். “உன்ன கேக்காமயே எல்லாத்தையும் செஞ்சிட்டேன். நீ சொல்லு, நான் என்னா செய்யணும்?”

செல்வி யோசித்தாள். “எம் முன்னாடி அவனுங்கள ஒண்ணும் கேக்காதீங்க. அப்பறம்... கிளாஸ்ல கூட பரவால்ல டீச்சர். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாடியே கத்திகினு வர்றானுங்க. அதான் ரொம்ப பேஜாரு.”

பஸ் நிலையத்தை நாங்கள் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பள்ளி மணி அடித்ததும் எங்கள் காதும் மூடிக்கொள்ளும் போல.

டீச்சர் அந்தப் பையன்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செல்வி பள்ளிக்குத் திரும்பிய அன்று, கூவலில் முதல் ஆளாக இருந்தவன் ஆசிரியர் அறைக்கே வந்து செல்வியிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “மன்னிக்கணும்னு கட்டாயம் இல்லம்மா. புடிச்சா பாத்துக்கலாம், ஜல்தி ஒண்ணுமில்ல” என்று சொல்லி அவளை வகுப்புக்கு அனுப்பினார் டீச்சர்.

அன்று மாலையிலிருந்து ரயிலை விட்டுவிட்டார். செல்வியோடு நடந்து போய் விழுப்புரம் பஸ்ஸில் ஏறுவார். கூட்டேரிப்பட்டில் அவள் இறங்கிக்கொள்வாள். மிச்ச தூரத்துக்கு எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும்தான் துணை. செல்வி பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை இப்படித்தான். நடுவில் ஒரு நாள் அவளே, “டீச்சர், நான் இப்ப தனியா போய்க்குவேன்” என்று சொன்னபோது, “எனக்குத்தான் இப்ப பஸ்ஸு பழகிடுச்சே” என்றாராம். பச்சைப் பொய். அன்றும் வழியில் இரண்டு முறை பை தேவைப்பட்டது.

டீச்சர் ஓய்வு பெற்று விழுப்புரத்தில் இருக்கிறார். வருடா வருடம் பள்ளி திறக்கும் நாளன்று மட்டும் எனக்குத் தவறாமல் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “சார், இன்னிக்கி மத்தியானம் தனியா உக்காந்து சாப்ட்டது யாரு?” என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு வருடம் பதில் தெரியாமல் விழித்தேன். இப்போதெல்லாம் சாப்பாட்டு மணி அடித்ததும் என் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று வருகிறேன். தனியாக இருக்கும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பள்ளி திறக்கும் நாள் வந்தால், போன் எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறேன்.