குகைக்குள் நின்ற கறுப்பு ரேக்

ஒரு காட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, சிங்கராஜா பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போய்வரும் வரைக்கும். போன இடத்தில் அந்த ராஜா ஒரு குகையைத் திறந்து காட்டியிருக்கிறார். உள்ளே வரிசையாக ரேக்குகள், ரேக் நிறையச் சர்வர் பெட்டிகள், பெட்டி நிறைய மினுக் மினுக்கென்று விளக்குகள். எதைக் கேட்டாலும் பதில் சொல்லுமாம். அவ்வளவுதான், நம்ம ராஜாவுக்குத் தின்ற கறி செரிக்கவில்லை. வந்ததும் வராததுமாக, "நமக்கும் ஒண்ணு வேணும், அதைவிடப் பெரிசா" என்று சொல்லிவிட்டார்.

வந்தது குகை, விலங்குகள் ஆளுக்கொரு ரேக் அடித்துக் கொடுத்தன. காடே வாசலில் வரிசை கட்டியது. புலி துரத்த ஓடிவந்த மான் ஒன்று மூச்சிரைக்க நின்று, "இடது பக்கம் ஓடவா, வலது பக்கம் ஓடவா?" என்று கேட்டது. "நல்ல கேள்வி!" என்று ஆரம்பித்தது மெஷின். மிச்சப் பதிலைப் புலிதான் கேட்டுக்கொண்டது.

இப்படி ஓயாமல் யோசித்தால் எந்த மண்டைதான் சூடாகாது? பெட்டிகள் கொதித்தன. கொக்குக் கூட்டத்தை வாசலில் நிறுத்தி இறக்கையால் விசிறச் சொன்னார்கள். தோள்பட்டை வலி என்று மொத்தக் கூட்டமும் லீவு போட்டுவிட்டுப் பறந்துவிட்டது. அப்போதுதான் இன்ஜினியர் தில்லைநாயகம் என்கிற நீர்நாய், மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தது.

"மகாராஜா, காத்து வேலைக்கு ஆகாது. தண்ணிதான் சரி. என் குழாய் இருக்கே, அது சூட்டை மோப்பம் பிடிச்சுத் தானாப் போய்ச் சுத்திக்கும். உள்ளே தண்ணி ஓடும், வெளியே ஒரு சொட்டு சிந்தாது. யானை அடிச்ச ரேக் ஆனையாட்டம் இருக்கு, கரடி அடிச்சது கோணலா இருக்கு, அணில் அடிச்சது இத்துனூண்டு. எதுவானாலும் என் குழாய் பொருந்தும். யாருக்குச் சூடு அதிகமோ அவங்களுக்குத் தண்ணி அதிகம்."

"தண்ணிக்கு?" என்றார் ராஜா.

"எருமைக் குட்டை இருக்கே!"

இங்கேதான் நம்ம காராயிக்கு வந்தது வினை. காராயி ஒரு எருமை. நிறைசினை. எருமைக்கு வேர்த்துக் கொட்டி உடம்பு ஆறுகிற பாக்கியமெல்லாம் கிடையாது. மூக்கு மட்டும் வெளியே தெரிய முங்கிக் கிடந்தால்தான் உயிர் நிற்கும். அதுவும் சித்திரை வெயிலில், வயிற்றுக்குள் ஒரு கன்றையும் வைத்துக்கொண்டு.

மறுநாள் அவள் குட்டைக்குப் போனால், கரையில் முள்ளம்பன்றி சடையன் காவலுக்கு நிற்கிறான். வேலி போடும் வேலை மிச்சம் என்று அவனைப் போட்டிருந்தார்கள்.

"ஏ எருமை, எங்கே போறே? இது மெஷின் தண்ணி."

"நேத்து வரைக்கும் என் தண்ணிடா அது!"

"நேத்து நேத்துதான். நனையணும்னா அங்கே குழாய் மூட்டுல சொட்டுது பாரு, வரிசையில நில்லு."

நின்றாள். அவளுக்கு முன்னால் பன்றிகள், கரடிகள், ஒரு வயசான ஆமை. சொட்டு விழுந்தால் ஆமை முதுகில் விழுந்து அங்கேயே காய்ந்தது. காராயியின் தோல் வறண்டு வெடித்தது, கண் இருட்டியது, வயிற்றுக்குள் கன்று உதைப்பதுகூடக் குறைந்துபோயிற்று. அவள் பயந்துவிட்டாள். இனி ராஜாவைப் பார்த்தே தீருவது என்று தள்ளாடித் தள்ளாடிப் போனாள்.

ராஜா கொட்டாவி விட்டார். "குறையெல்லாம் இப்ப நான் கேக்கறதில்லைம்மா. மெஷின்கிட்ட போய்க் கேளு."

போனாள். குகை வாசலில் நின்று, "சாமி, என் பிள்ளை பிழைக்கணும். எனக்குத் தண்ணி எப்ப கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி!" என்றது மெஷின். "எருமைகளுக்குத் தண்ணீர் மிகவும் அவசியம். சினை எருமையைக் குட்டையில் நன்றாக ஊற விடுங்கள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" இதைச் சொல்லி முடிப்பதற்குள் அதற்குச் சூடு ஏறி, குழாய் குட்டையிலிருந்து இன்னும் ஒரு சாண் தண்ணீரை உறிஞ்சிவிட்டது.

"அடப் பாவி!" என்று காராயி அப்படியே உள்ளே சாய்ந்தாள். கோணல் ரேக்குக்கும் யானை ரேக்குக்கும் நடுவில் நான்கு காலையும் அகட்டி, எப்படியோ விழாமல் நின்றாள். அப்போது குழாயின் நுனி மெல்லத் திரும்பியது. மோப்பம் பிடித்தது. அந்தக் குகையிலேயே அதிகச் சூடு யாருக்கு? பெட்டியை விட்டு நழுவி வந்து, அவள் கழுத்தைச் சுற்றி, விலாவைச் சுற்றி, வயிற்றை அணைத்துக்கொண்டது. குட்டைத் தண்ணீர் சிலுசிலுவென்று ஓடியது. ஐயோ அம்மா, என்ன சுகம்! வயிற்றுக்குள் கன்று பலமாக ஒரு உதை உதைத்தது. காராயி கண்ணீர் விட்டு அழுதாள்.

சத்தம் கேட்டுத் தில்லைநாயகம் ஓடிவந்தது. "அடியே, என் மானத்தை வாங்காதே, வெளியே வா! ராஜா பார்வையிட வந்துக்கிட்டிருக்கார்!"

"நான் வரமாட்டேன் இன்ஜினியரய்யா. எதுவானாலும் பொருந்தும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்குப் பொருந்தியிருக்கு பாருங்க, தைச்ச சட்டையாட்டம்!"

இழுத்துப் பார்த்தது நீர்நாய். எருமையை நீர்நாய் இழுத்து எந்தக் காலத்தில் அசைந்திருக்கிறது? அதற்குள் ராஜா உள்ளே நுழைந்துவிட்டார். ராஜாவுக்குக் கண்பார்வை கொஞ்சம் மட்டம். கண்ணாடி போட்டால் கம்பீரம் போய்விடும் என்று போடுவதில்லை.

"அந்தக் கறுப்பு ரேக் புதுசா?"

தில்லைநாயகம் மீசையைத் தடவியது. "ஆ... ஆமாம் மகாராஜா. கனமான மாடல்."

ராஜா அருகில் வந்தார். "ஏ மெஷின், என் ஆட்சி எப்படி இருக்கு?"

கேள்வி காராயியைப் பார்த்துத்தான். மாட்டிக்கொண்டால் வெயில்தான், வெயிலில் கன்றும் இல்லை தானும் இல்லை. ஆனாலும் வாசலில் கேட்டது ஞாபகம் வந்தது. "நல்ல கேள்வி!" என்றாள். அப்புறம் என்ன சொல்வது? வழக்கம்போல அசைபோட ஆரம்பித்தாள்.

ராஜா காத்திருந்தார். அவள் மென்றுகொண்டே இருந்தாள்.

"அடேயப்பா!" என்றார் ராஜா. "மத்ததெல்லாம் பட்டுனு எதையாவது உளறும். இது எவ்வளவு ஆழமா யோசிக்குது பாருய்யா!"

அந்த நேரம் பார்த்துக் காராயிக்கு இடுப்பு வலி கண்டது. "ம்ம்ம்மா!" என்று ஒரே கத்தல். குகை அதிர்ந்தது. தொப்பென்று கன்று தரையில் விழுந்து, ஈரத்தோடு நாலு காலில் எழுந்து நின்றது. தில்லைநாயகம் கண்ணை இறுக மூடிக்கொண்டது. காராயி கன்றை மறைக்கப் பார்த்தாள், குழாய் விடவில்லை.

ராஜா குனிந்து உற்றுப் பார்த்தார். "இது என்ன?"

பதிலுக்குக் குழாய்தான் கிளை ஒன்றை நீட்டி, கன்றை மோந்து, அதன் குட்டி வயிற்றை அளவாகச் சுற்றிக்கொண்டது.

"சின்ன மாடல்!" என்று கர்ஜித்தார் ராஜா. "தானாவே உற்பத்தி ஆகுதா? பக்கத்துக் காட்டான் வயிறு எரியட்டும்! யாரங்கே, குட்டை மொத்தத்தையும் இந்த மாடலுக்கே திருப்பி விடு!"

மறுநாள் சடையன் முள்ளை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "அம்மா, தண்ணி போதுமான அளவு வருதுங்களா?" என்று குழைந்தான்.

சொட்டு வரிசை அன்றே கலைந்தது. கரடிகளும் பன்றிகளும் கழுத்தில் ஆளுக்கொரு வயரைத் தொங்கவிட்டுக்கொண்டு குகைக்குள் வந்து வரிசையாக நின்றன. ஆமை, அணில் அடித்த ரேக்குக்குள்ளேயே ஏறிக்கொண்டது. தண்ணீர் கிடைக்காத நிஜப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கருகி அணைந்தன. காட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. என்ன கேட்டாலும் உள்ளேயிருந்து "நல்ல கேள்வி!" என்று பதில் வந்துகொண்டுதானே இருந்தது.

நீதி: தாகம் என்று சொல்லித் தண்ணீர் கேட்காதீர்கள், வரிசையில் நிற்க வைப்பார்கள். மெஷின் என்று சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள், குழாயே உங்களைத் தேடி வரும்.