கொள்ளிடத்து மணலில் முதல் அடி

கூடாரத்தின் ஒரு பக்கத்தை நவநீதன் ஒருவழியாக நிமிர்த்திப் பிடித்திருந்த நேரத்தில் பூவிழி நடந்துவிட்டாள்.

கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை, என்ன நினைத்தாளோ, கையை விட்டாள். கொள்ளிடத்து மணலில் தத்தித் தத்தி, காற்றில் வரும் இலவம்பஞ்சு மாதிரி அங்கும் இங்கும் சாய்ந்து, அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து சிரித்தாள்.

கூவி மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான். இளவேனில் தோப்புக்குள் பம்புசெட்டில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

மூத்தவள் தேன்மொழி முதல் அடி வைத்தபோதும் இளவேனில் பக்கத்தில் இல்லை. மன்னார்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை. டியூட்டி முடிந்து வந்தவளிடம் பக்கத்து வீட்டு லிசி அக்கா ஆசை ஆசையாக விஷயத்தைச் சொல்ல, சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுதாள். சின்னவள் நடப்பதையாவது தான்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று பூவிழி பிறந்ததிலிருந்து சொல்லி வந்தாள். அதைப் போய்த் தான் பார்த்துத் தொலைத்துவிட்டோமே என்று நவநீதன் தவித்தான்.

பக்கத்தில் மணலில் கிணறு தோண்டிக்கொண்டிருந்த தேன்மொழியிடம் குனிந்தான்.

"பாப்பா நடந்தத அம்மாகிட்ட சொல்லாத, கண்ணு."

"சரிப்பா" என்று அவள் தோண்டுவதைத் தொடர்ந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்கிற பிள்ளை, ஏன் என்றே கேட்கவில்லை.

நவநீதனுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவனுக்கும் இளவேனிலுக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம். இந்த முறை கிடைத்ததும், ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். ஒர்க்‌ஷாப் நண்பன் அப்துல் சலாம் கூடாரத்தையும் கொடுத்து, கொள்ளிடக் கரையில் இருந்த தன் தென்னந்தோப்பிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னான்.

இளவேனில் குடத்துடன் வந்ததும் நவநீதன் குழந்தையை அவள் முன்னால் நிறுத்தினான். பூவிழி தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். மறுபடி நிறுத்தினான். மறுபடி உட்கார்ந்தாள்.

"நீ இப்படி பாப்பா முன்னாடி உக்காரு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றான்.

இளவேனில் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வேண்டாங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்த களைப்பு உங்களுக்கு. நீங்க உக்காந்து பாப்பாவையே பாத்துட்டு இருங்க. கூடாரத்த நான் கட்டுறேன்."

என்ன நல்ல மனசு என்று அவன் உருகினான். ஆனால் அது இப்போது வேண்டாத இடைஞ்சலாக இருந்தது. அவன் கயிற்றை இழுக்க, அவள் பிடுங்க, நீ உட்கார், நீங்கள் உட்காருங்கள் என்று வெகுநேரம் உபசாரம் நடந்தது. கடைசியில் இரண்டு பேருமே குழந்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

வெயில் தணிந்து ஆறு பொன்னாகிக்கொண்டிருந்தது. அகன்ற மணலுக்கு நடுவே ஒரு கீற்றாகத் தண்ணீர், ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் மினுங்கியது. தென்னைகளுக்கு மேலே ராஜகோபுரம் வெளிறி, நீரில் கரைத்த சாயம் போலத் தெரிந்தது. பாலத்தில் போன ரயிலின் சத்தம் தூக்கத்தில் கேட்பது போல வந்து மறைந்தது. இந்த அழகில் எதையும் பார்க்காமல் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு குழந்தையின் பாதங்களையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பூவிழிக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பெரிய முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

ஆசை காட்டினால் வருவாள் என்று நவநீதன் ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினான். பூவிழி வரவில்லை. கரையில் மேய்ந்த ஆடு வந்தது. பழத்தைத் தின்றது. அதை விரட்ட அவன் எழுந்தபோது, பின்னால் வந்த இன்னொரு ஆடு சாப்பாட்டுப் பையில் தலையைவிட்டது. பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அது ஓட, புளிச்சோறு மணலெங்கும் சிந்தியது. துரத்தியவன் கால் கயிற்றில் சிக்கி, அரைகுறையாய் ஊன்றியிருந்த முளைகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டன.

அந்த நேரம் பார்த்து மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. கூடாரம் உப்பியது. மெல்ல எழும்பி, புரண்டு, மணலைத் தொட்டும் தொடாமலும் தண்ணீரை நோக்கி உருண்டது. ரயில் பெட்டியையே தூக்கி வைக்கிற ஆள், ஒரு துணி மூட்டையைப் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடினான். தேன்மொழியைத் தங்கை பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு இளவேனிலும் ஓடிவந்தாள். நீரோரத்தில் ஆளுக்கொரு மூலையாய்ப் பிடித்து நிறுத்தி, மூச்சு வாங்கத் திரும்பினார்கள்.

பூவிழி வந்துகொண்டிருந்தாள்.

உருண்டோடிய கூடாரம் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. இரண்டு கைகளையும் விரித்து, சாயங்கால வெளிச்சத்தில் முடி பறக்க, கெக்கலித்தபடி வந்தாள். பின்னாலேயே தேன்மொழி. சின்னவள் ஓரிடத்தில் தடுமாறி, நின்று, மறுபடி வந்தாள். ஆறு, மணல், வானம் எல்லாம் அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"நடக்கிறா பாருங்க" என்றாள் இளவேனில். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

நவநீதன் கண்ணை அகல விரித்தான். வாயைப் பிளந்தான். தலையில் கையை வைத்துக்கொண்டான். "முதல் அடி. ரெண்டு பேருமே பாத்துட்டோம்" என்றான். பேசும்போது அவனுக்கே நிஜமாக அழுகை வந்தது. இளவேனில் குழந்தையை அள்ளி முத்தமிட்டு, அவன் தோளிலும் சாய்ந்துகொண்டாள்.

கூடாரம் நனைந்து கிடந்தது; சாப்பாடு ஆட்டுக்குப் போயிற்று. யாரும் கவலைப்படவில்லை. இளவேனில் பூவிழிக்குக் கால் கழுவப் போனாள். நவநீதன் தேன்மொழியுடன் சேர்ந்து கூடாரத் துணியை உதறிக் காயப்போட்டான். தன் நடிப்பை நினைக்க அவனுக்கே பெருமையாக இருந்தது.

"அம்மா எவ்வளவு சந்தோஷமா அழுதாங்க, பாத்தியா?" என்றான்.

தேன்மொழி விரலிடுக்கில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு வீட்டுல பாப்பா நடந்தப்பவும் அம்மா இப்படித்தாம்ப்பா அழுதாங்க. அப்பா பாவம், அவங்களும் பாக்குற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க."