சம்பந்தியின் ஷோரூமில் நான் சத்தமாகப் படித்தது

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் மாப்பிள்ளையும் மகளும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். அங்கே உங்கள் மூத்த பெண்ணும் புதிதாய் வந்திருக்கும் பேரனும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போட்டோ பார்த்தோம். மூக்கு அப்படியே உங்களுடையது. பிறந்த குழந்தைதானே, வளர வளரச் சரியாகிவிடும் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள்.

கடையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நீங்கள் பேரனைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். இதற்குள் உங்கள் மைத்துனர் போன் செய்து ஏதாவது சொல்லியிருப்பார். கோபத்தில் இருக்கிறவர்கள் எதையும் கடைசியிலிருந்துதான் சொல்வார்கள். நான் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கார் விற்கிற கடைகளில் லோனும் இன்சூரன்ஸும் எழுதும்போது, கையெழுத்து வாங்குவதற்கு முன் எல்லா விவரத்தையும் வாடிக்கையாளருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், எது கட்டாயம், எது அவர் விருப்பம், கடைக்கு இதில் என்ன லாபம் என்பது வரை சொல்ல வேண்டும், படித்ததைப் பதிவு செய்தும் வைக்க வேண்டும் என்று புது உத்தரவு வந்ததும் நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். "ஸ்டேஷன்ல காலமெல்லாம் அறிவிப்பு படிச்சவரு, சும்மாதானே இருக்கீங்க சம்பந்தி, வந்து ரெண்டு பக்கம் படிச்சிட்டுப் போங்க" என்றீர்கள். ரயில் நிலைய அறிவிப்பாளன் எப்படிப் படிப்பான் என்று நீங்கள் அப்போது யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. படியில் ஓடி வருகிறவர் காதில் விழ வேண்டும், கைக்குழந்தை அழும்போதும் விழ வேண்டும், எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். இதுதான் என் தொண்டைக்குத் தெரிந்த ஒரே தொழில்.

முதல் நாள் லோன் எழுதுகிற நிதி மேசையில் ஒரு தையல்கடைக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே நம் விற்பனைப் பிள்ளை சர்க்கரை. அந்தப் பெயர் வியாதியால் வந்ததல்ல, வாயால் வந்தது என்பது உங்களுக்கே தெரியும். "சார், லோன் பாஸ் ஆகணும்னா இந்த நாலு இன்சூரன்ஸும் சேர்ந்துதான் வரும். டயர் ஒண்ணு, பெயிண்ட் ஒண்ணு, சாவி ஒண்ணு, உங்களுக்கே ஒண்ணு. நான் என்ன பண்றது, பேங்க்ல அப்படித்தான் கேக்குறாங்க" என்று உருகிக்கொண்டிருந்தான். அவர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் தாளை எடுத்தேன், தொண்டையைச் செருமினேன். "வாடிக்கையாளர் கவனத்திற்கு! இந்த நான்கு காப்பீடுகளையும் வாங்குவது கட்டாயமல்ல. வாங்காவிட்டாலும் கடன் கிடைக்கும்." பிறகு மறுபடியும் ஒருமுறை. அவ்வளவுதான் சம்பந்தி. பக்கத்து மேசைக்காரர் எழுந்தார், அதற்கடுத்த மேசைக்காரர் எழுந்தார், சாவி வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறப் போனவர் ஒரு காலை உள்ளே வைத்தபடி "அப்ப எனக்கு மட்டும் கட்டாயம்னு சொன்னீங்க?" என்று திரும்பினார். தையல்கடைக்காரர் மனைவி பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அது நம் கடைப் பேனா.

மாப்பிள்ளை என்னைத் தனியாக அழைத்துப் போனார். "மாமா, படிக்கணும்னு சட்டம் சொல்லுது, சரி. ஊருக்கே படிக்கச் சொல்லலையே" என்றார். "கேக்குறவருக்குத் தெளிவா விழணும்னு போட்டிருக்கே மாப்பிள்ளை" என்றேன். யோசித்து, எனக்குக் கண்ணாடி அறை ஒன்றைக் காலி செய்து கொடுத்தார், பதிவு செய்ய ஒரு மைக்கும் வைக்கச் சொன்னார். மைக் மாட்ட வந்தவர், கடையில் பாட்டு போடுகிற ஒயரில் அதைச் சொருகிவிட்டுப் போய்விட்டார். இதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? கதவைச் சாத்திக்கொண்டு, மாப்பிள்ளை சொன்னதற்குக் கட்டுப்பட்டு, என் வாழ்நாளிலேயே மெல்லிய குரலில்தான் படித்தேன். அது வாசலுக்கும் சர்வீஸ் கொட்டகைக்கும் ரோட்டுக்கும் போயிருக்கிறது. காருக்கு அடியில் படுத்திருந்த நம் மெக்கானிக்கே கையில் ஸ்பானரோடு எழுந்து வந்து, "சர்க்கரை, என் தலைல போன வருஷம் ஒண்ணு கட்டினியே, அது?" என்று கேட்டிருக்கிறார். ஒயர் விஷயம் அப்போதும் எனக்குத் தெரியாது, எல்லோரும் ஏன் என்னையே பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். குரல் நன்றாக இருக்கிறது போலிருக்கிறது என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

இந்த நிலைமையில்தான் உங்கள் மைத்துனர் மனைவியோடு கார் எடுக்க வந்தார். கண்ணாடி அறைக்குள் வந்ததுமே, "எனக்கு எதுக்குய்யா படிக்கிறீங்க? என் மச்சான் கடை! சொந்தம்!" என்று நெஞ்சைத் தட்டினார். சர்க்கரையும் அவசரமாக, "ஆமாங்கய்யா, சாருக்கு வேணாம், நேரா கையெழுத்து" என்றான். மாப்பிள்ளை கண்ணாடிக்கு வெளியே நின்று கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம் என்கிறாரா, இன்னும் சத்தமாக என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. உத்தரவில் மைத்துனர் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. மைத்துனர் மனைவியும், "படிக்கட்டுமே, கேட்டா காது தேஞ்சா போயிடும்?" என்று சொல்லிவிட்டார். படித்தேன். "நிதி நிறுவனம் கேட்கும் வட்டிக்கு மேல், இந்த ஷோரூம் தன் லாபமாக ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறது." மறுபடியும் படித்தேன்.

மைத்துனர் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. "சேர்த்தது யாரு?" என்றார். பொய் சொல்லியே பழகிய சர்க்கரை அன்று பார்த்துப் பதறிப்போய் உண்மையைச் சொன்னான்: "முதலாளிதான் சார். சொந்தக்காரங்கன்னா பேரம் பேச மாட்டாங்க, கொஞ்சம் கூடவே போடுன்னாரு." அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "என் மச்சான் தங்கம், என் மச்சான் தங்கம்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டிருந்தீங்க. இப்ப உரசிப் பாத்தாச்சு" என்றார். இதெல்லாமும் ரோட்டுக்குப் போயிருக்கிறது.

ரோட்டில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்த ஒரு பெண்மணியும் இருந்திருக்கிறார். அவர் நேராக உள்ளே வந்து அடையாள அட்டையை நீட்டினார். விதிமுறைகளைச் சோதிக்க வந்த அதிகாரி! மாப்பிள்ளை காட்சிக்கு வைத்திருந்த வண்டியின் மேலேயே சாய்ந்துவிட்டார். "வட்டியில லாபம் சேர்க்கலாம் சார். சொல்லாம சேர்த்தாதான் தப்பு. நீங்கதான் சொல்லிட்டீங்களே, அதுவும் ரெண்டு தடவை" என்றார் அந்த அதிகாரி. "இந்தத் தெருவுல எல்லாக் கடையிலயும் முணுமுணுன்னு பாதியை முழுங்குறாங்க. ரோட்டுல நின்னே கேட்டது உங்க கடைலதான்." எதிர்க் கடையின் நிதி மேசையை அன்றைக்கே மூடிவிட்டார்கள். நம் மேசை தப்பித்தது. ஆனால் மைத்துனர் அதைக் கேட்க நிற்கவில்லை. மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி, சேர்த்த வட்டியை எடுத்துவிடுகிறேன் என்று வாசலில் சத்தியம் செய்தும் அவர் மனம் ஆறவில்லை.

அன்று என் மகள் எனக்குச் சாப்பாடு போட்டாள். மோர் ஊற்றும்போது, "சட்டத்தைக் காப்பாத்திட்டீங்கப்பா. என் மாமனார் வந்து நிப்பாரே, அப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?" என்று கேட்டாள். எந்த உத்தரவைப் பார்த்தும் பயப்படாதவன், அந்தக் கேள்விக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அதனால்தான் சம்பந்தி, நன்றாக யோசித்து, இந்த வேலையை ராஜினாமா செய்கிறேன். விற்கத் தெரிந்தவர்கள் விற்கட்டும். இன்சூரன்ஸ் பேச்சு எதையும் இந்தக் காதால் இனிக் கேட்பதில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன். பிழை என்னுடையது என்றே வைத்துக்கொண்டு, என் பெண்ணிடம் கோபத்தைக் காட்டாமல் இருக்க வேண்டும்.

பேரனுக்கு எங்கள் முத்தங்கள். தாயும் பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நிறைவாய் வாழட்டும். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம், அவர் தம்பி விஷயத்தை நீங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்க்கும்
உங்கள் சம்பந்தி

பி.கு.: இதை உறையில் போடுகிற நேரத்தில் சர்க்கரை வந்து என் எதிரே உட்கார்ந்தான். "அய்யா, உங்களப் பாத்துத் திருந்திட்டேன். சாவி தொலைஞ்சா புதுசு தர்ற இன்சூரன்ஸ் ஒண்ணு இருக்கு. கட்டாயமே இல்ல. உங்களுக்குத் தேவையே படாமப் போகலாம். நீங்க வாங்கினா எனக்குக் கமிஷன் வரும், அதையும் மறைக்கல" என்றான். இவ்வளவு ஒழுங்காகச் சொல்கிற பிள்ளையிடம் எப்படி முடியாது என்பது? கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னிடம் கார் இல்லை என்பது அவன் போன பிறகுதான் உறைத்தது. தவணையைச் சம்பளத்தில் பிடிப்பார்களாம், ஆகவே மேலே எழுதிய ராஜினாமாவை எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். அவனுக்குச் சேர வேண்டிய கமிஷனைத் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். அவன் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.