காலிக் குப்பிகளோடு பஸ் ஏறியவர்

கவர்மென்ட்டையே காலிப் பாட்டிலால் மடக்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் குப்பி அண்ணாச்சி.

எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் அவர் மருந்து கொடுப்பவர், நான் சீட்டு எழுதுபவன். அப்போதெல்லாம் தண்ணி மருந்துக்கு அவரவரே குப்பி கொண்டுவர வேண்டும். அண்ணாச்சி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பார். பிராந்தி வாடை வந்தால் கொண்டுவந்த பெண்ணோடு வீட்டிலிருக்கும் புருஷனுக்கும் சேர்த்து ஏச்சு விழும்.

சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வருஷம், மூச்சிழுப்புக்கான மருந்து வருஷக் கடைசிவரை வரவேண்டும் என்று அத்தர் ஊற்றுவதுபோல் ஊற்றி, இரண்டு கேன் மிச்சம் பிடித்தார். அதைப் பெருமையாக, எங்களுக்கு மருந்து அனுப்பும் ஜில்லா ஸ்டோருக்கு எழுதியும் போட்டார். மிச்சம் விழுந்திருப்பதால் இனி இரண்டு கேன் குறைவு என்று பதில் வந்தது. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

மறு வருஷம் தாராளமாக ஊற்றினார். தீபாவளிக்கு முன்பே தீர்ந்துவிட்டது. ரிஜிஸ்டரில் கொடுத்த மருந்துக்குத்தான் இடமுண்டு, வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கிடையாது. ஆகவே மருந்து தீர்ந்த நாளிலிருந்து எங்கள் வட்டாரத்தில் யாருக்குமே இழுப்பு இல்லை என்று மேலிடம் நிம்மதியாக இருந்தது. கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை.

அப்போதுதான் மம்சாபுரத்து முத்துலட்சுமி மூன்றாவது தடவையாக வந்து நின்றாள். பஞ்சு மில்லில் வேலை. மூச்சு விடமுடியாமல் பத்து நாளாகப் போகவில்லை. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவதாக மில்லில் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சி மருந்து இல்லை என்றார். ஆனால் குப்பியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"மருந்துதான் இல்ல, குப்பியையாவது குடுங்க அண்ணாச்சி. வீட்டுல இருந்ததே அது ஒண்ணுதான்."

"தரமாட்டேன் தாயி. நீ வந்துட்டுப் போனதுக்கு வேற சாட்சி கிடையாது."

அந்த வாரம் முழுக்க வந்தவர்களின் குப்பிகளைப் பறித்து, பேரும் ஊரும் எழுதி ஒட்டினார். ஊரே சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். சனிக்கிழமை காலை இரண்டு சாக்கு மூட்டையோடு ஜில்லா ஸ்டோருக்கு பஸ் ஏறினோம். லக்கேஜ் போட வந்த கண்டக்டரிடம், "லக்கேஜ் இல்லப்பா, அம்புட்டும் நோயாளிக" என்றார்.

ஸ்டோர் அதிகாரியின் மேஜையில் ஒரு குண்டூசிக்குக்கூட இடமில்லாமல் குப்பிகளை அடுக்கினார். எல்லாம் காலியாக இருக்கிறதே என்று அதிகாரி கேட்டார்.

"காலி இல்ல ஸார். தீபாவளிக்குப் பொறவு நீங்க அனுப்புன மருந்து பூராவும் இதுக்குள்ளதான் இருக்கு."

இதையெல்லாம் எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது என்று அதிகாரி கத்தினார். அது உங்கள் பாடு என்று அண்ணாச்சி சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃபைல் வைக்க இடமில்லாமல் தவித்த அதிகாரி, மதியத்துக்கு மேல் தானே ஒவ்வொரு பேராகப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் 'மருந்தின்றித் திரும்பியவர்கள்' என்று தலைப்பிட்டு, எல்லாப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று கேன் கிடைத்தது.

திரும்பும்போது அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் இறங்கவில்லை. நேராக மம்சாபுரம் போனோம். வாசலில் வைத்தே முத்துலட்சுமியின் குப்பியை நிறைத்துக் கொடுத்தார். ஏன் இவ்வளவு தூரம், சொல்லிவிட்டிருந்தால் நானே வந்திருப்பேனே என்று அவள் பதறினாள்.

"நீதான் மூணு தடவ வந்துட்டியே தாயி. இந்தத் தடவ நான் வாரதுதான் முறை."

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். அடுத்த வருஷமும் மருந்தைக் குறைத்தார்கள், அண்ணாச்சியும் விடாமல் மூட்டை கட்டினார். அவர் ஓய்வு பெறும் வரை கூடவே ஸ்டோருக்குச் சண்டைக்குப் போவதே எனக்கு வருஷாந்திர வேலையாகிவிட்டது. என் முப்பது வருஷ சர்வீஸில் நான் உருப்படியாகச் செய்தது என்ன என்று கேட்டால், அந்த மனிதருக்கு மூட்டை தூக்கியதைத்தான் சொல்வேன்.